இளம் பியானோ கலைஞரின் விருந்தினர் கச்சேரி: அறிவிப்பை எப்படிப் படிப்பது?

ஓர் இசைக் கல்லூரி இருபத்து நான்கு வயதுப் பியானோ கலைஞர் ஒருவரை விருந்தினராக அழைத்து, அடுத்த மாதம் தனிக் கச்சேரி நடத்தவிருக்கிறது. அறிவிப்பில் அவர் வென்ற போட்டிகள், படித்த கன்சர்வேட்டரி (உயர்நிலை இசைப் பள்ளி), சேர்ந்து வாசித்த சிம்ஃபொனி இசைக்குழுக்கள் எல்லாம் நீளமாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நிகழ்ச்சி நிரலாகப் பீத்தோவனின் ஓபஸ் 110 (படைப்பு எண் 110) சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு), ஷூமனின் கிரைஸ்லெரியானா, இடைவேளைக்குப் பின் டெபுஸியின் சில பிரெலூடுகள் (சிறு தனித் துண்டுகள்), இறுதியாகப் புரோகோஃபியெவின் ஏழாம் சொனாட்டா ஆகியவை தரப்பட்டுள்ளன. இதை வைத்து அவர் எத்தகைய கலைஞர் என்று கணிக்க முடியுமா, அரங்கில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

கணிக்க முடியும், ஆனால் பெரும்பாலோர் முதலில் படிக்கும் பரிசுப் பட்டியலிலிருந்து அல்ல, கடைசியில் மேலோட்டமாகப் பார்க்கும் நிகழ்ச்சி நிரலிலிருந்து. போட்டியில் எதை வாசிப்பது என்பதைப் போட்டியின் விதிகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. இசைக்குழுவுடன் வாசிக்கும்போது நடத்துநரின் விருப்பமும் அந்தப் பருவத்தின் திட்டமும் கலைஞரின் விருப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றன. விருந்தினராகத் தனியே வாசிக்கும் கச்சேரியில்தான் எந்தப் படைப்பு, எந்த வரிசை, எதற்குப் பின் எது என்பதையெல்லாம் ஓர் இளைஞர் ஏறக்குறைய முழுமையாகத் தாமே முடிவு செய்கிறார். ஆகவே அந்த அறிவிப்பில் அவர் தம் கையால் எழுதியது என்று சொல்லத்தக்க பகுதி அந்த நான்கு படைப்புகள் மட்டுமே.

ஒருவரே மேடையேறி மாலை முழுவதும் பியானோ வாசிப்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான பழக்கம். அதற்கு முன் ஒரு கச்சேரியில் பாடகர்களும் வயலின் கலைஞர்களும் இசைக்குழுவும் மாறிமாறி வருவார்கள். பியானோ வாசிப்பவருக்குச் சில துண்டுகளே கிடைக்கும். ஃபிரான்ஸ் லிஸ்ட் 1839இல் ரோமில் தனியாகவே ஒரு நிகழ்ச்சியை நடத்திப் பார்த்தார். 1840 ஜூனில் லண்டனின் ஹனோவர் சதுக்க அரங்கில் அவர் வாசித்தபோதுதான் 'ரெசைட்டல்' என்ற பெயர் விளம்பரத்தில் வந்தது. சுரக்குறிப்புத் தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் வேரூன்றியதே. அதில் லிஸ்டுக்கு இணையான பங்கு இளம் கிளாரா வீக்குக்கு, அதாவது பின்னாளைய கிளாரா ஷூமனுக்கு, உண்டு. ஒன்றரை மணி நேரம் துணையின்றி நினைவிலிருந்து வாசிக்க வேண்டிய இந்தக் கடினமான வடிவத்தை இளம் கலைஞர்கள் அவர்களிடமிருந்தே பெற்றிருக்கிறார்கள்.

பரிசுகளுக்கு வருவோம். வார்சாவில் 1927 முதல் நடக்கும் ஷோபான் போட்டி, மாஸ்கோவில் 1958இல் தொடங்கிய சைக்கோவ்ஸ்கி போட்டி, அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் 1962 முதல் நடக்கும் வான் கிளைபர்ன் போட்டி, இங்கிலாந்தில் 1963இல் முதன்முதலாக நடந்த லீட்ஸ் போட்டி, பிரஸ்ஸல்ஸின் குயின் எலிசபெத் போட்டி ஆகியவற்றில் ஒன்று குறிப்பில் இருந்தால் அது உண்மையிலேயே கனமான செய்தி. ஒளிப்பதிவு வழியான முன்தேர்வு, பல சுற்றுத் தனி வாசிப்பு, சில போட்டிகளில் சேம்பர் இசை (சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பது), இறுதியில் இசைக்குழுவுடன் கான்செர்ட்டோ (தனிக் கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்று சில வாரங்களுக்கு நீளும் அந்தச் சோதனையைத் தாண்டியவருக்கு விரல் வலிமையும் நரம்பு உறுதியும் உண்டு என்பதில் ஐயமில்லை. இவற்றைத் தவிர உலகெங்கும் நூற்றுக்கணக்கான சிறு போட்டிகள் உள்ளன. ஒருவர் பத்துப் போட்டிகளில் பரிசு பெற்றார் என்ற வரி, அவர் பத்து முறை நுழைவுக் கட்டணம் செலுத்தினார் என்பதைத் தாண்டி எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

பெரிய போட்டிகளின் தீர்ப்பும் தவறாத ஒன்றல்ல. 1980இல் வார்சாவில் ஈவோ போகோரெலிச் இறுதிச் சுற்றுக்கு அனுமதிக்கப்படாதபோது, 1965இல் அதே போட்டியை வென்றவரான மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். அந்த ஆண்டின் முதல் பரிசு வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சோனுக்குப் போனது. உலகம் முழுவதும் பேசப்பட்டவரோ போகோரெலிச். 1990இலும் 1995இலும் வார்சாவில் முதல் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. பல நடுவர்கள் தரும் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையில், எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவர் மேலே வருவதும், பாதிப் பேரைப் பரவசப்படுத்தி மீதிப் பேரை எரிச்சலூட்டுபவர் கீழே போவதும் இயற்கை. யெவ்கெனி கிஸின் பெரிய போட்டி எதையும் வெல்லாமலேயே, 1984இல் பன்னிரண்டு வயதில் மாஸ்கோவில் ஷோபானின் இரண்டு கான்செர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்து உலகின் கவனத்தைப் பெற்றவர். பியோத்ர் அந்தெர்ஷெவ்ஸ்கி 1990இல் லீட்ஸ் அரையிறுதியில் தம் வாசிப்பு தமக்கே திருப்தியளிக்கவில்லை என்று பாதியிலேயே மேடையை விட்டு இறங்கினார்; 2002இல் கில்மோர் விருது அவருக்கே கிடைத்தது. அந்த விருதுக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. தாம் கவனிக்கப்படுவது கலைஞருக்கே தெரியாமல் அவருடைய கச்சேரிகளைச் சில காலம் பின்தொடர்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலைஞரை மதிப்பிட இதைவிட நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பரிசைவிட முக்கியமானது, பரிசுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பது. வான் கிளைபர்ன் 1958இல் இருபத்து மூன்று வயதில், பனிப்போரின் உச்சத்தில், மாஸ்கோவில் வென்று திரும்பியபோது நியூயார்க் தெருக்களில் அவருக்கு ஊர்வல வரவேற்பு கொடுத்தார்கள். அவருடைய சைக்கோவ்ஸ்கி முதல் கான்செர்ட்டோ இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. விளைவு, எங்கு போனாலும் அதே சைக்கோவ்ஸ்கியையும் அதே ரக்மானினாஃப் மூன்றாம் கான்செர்ட்டோவையும் கேட்டார்கள். புதிய படைப்புகளைப் பயில ஓய்வில்லாமல் இருபது ஆண்டுகள் சுற்றியவர் 1978இல் மேடையிலிருந்து விலகி, 1987 வரை திரும்பவில்லை. இதற்கு நேர் எதிரானது மௌரிட்சியோ பொல்லினியின் பாதை. 1960இல் பதினெட்டு வயதில் வார்சாவில் வென்றதும், குவிந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்காமல், மேடை ஏறுவதைக் குறைத்துக்கொண்டு அவர் மீண்டும் படிப்புக்குத் திரும்பினார். இத்தாலியப் பியானோ மேதை மிக்கெலாஞ்செலியிடமும் சிறிது காலம் பயின்றார். பின்னர் பீத்தோவன், ஷோபான் ஆகியோரோடு இருபதாம் நூற்றாண்டின் புதுமை இசையமைப்பாளர்களான ஷோன்பெர்க், பூலேஸ், நோனோ ஆகியோரையும் ஒரே தீவிரத்துடன் வாசித்தவராக அவர் அரை நூற்றாண்டு நிலைத்ததற்கு அந்த இடைவெளி பெரிதும் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே உங்கள் அறிவிப்பிலுள்ள இளைஞரின் குறிப்பில் ஓரிரண்டு ஆண்டுகள் காலியாகத் தெரிந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பெரிய வாய்ப்புகள் பெரும்பாலும் வேறொருவரின் உடல்நலக் குறைவால் வருகின்றன என்பது இந்தத் தொழிலின் விசித்திரங்களில் ஒன்று. 1963இல் பியானோ கலைஞர் க்ளென் கூல்டால் வர இயலாதபோது, பதினாறு வயது ஆந்த்ரே வாட்ஸ் பெர்ன்ஸ்டைனின் நடத்துகையில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் லிஸ்டின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே வாட்ஸால் வர இயலாமல் போக, சிகாகோ சிம்ஃபொனியின் ராவினியா விழாவில் அவருடைய இடத்தில் அமர்ந்த பதினேழு வயதுச் சிறுவர் லாங் லாங். 2007இல் பாஸ்டனில் ஆர்கெரிச்சுக்குப் பதிலாக வந்தவர் யூஜா வாங். தொலைபேசி ஒலிக்கும் அந்த நாளில் ஒரு கான்செர்ட்டோ விரல்களில் தயாராக இருக்க வேண்டும். மறுநாளே ஒத்திகை, பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கன்சர்வேட்டரிகளில் பதினைந்து கான்செர்ட்டோக்களைக் கைவசம் வைத்திருக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வாழ்க்கைக் குறிப்பின் மற்ற வரிகளில் சில சொற்களை எடைபோட்டுப் படிக்க வேண்டும். ஒருவரிடம் 'பயின்றார்' என்பது வேறு, ஒரு மாஸ்டர் வகுப்பில் (மாணவர் வாசிக்க, மூத்த கலைஞர் அவையின் முன் திருத்தும் வகுப்பு) அவர் முன் வாசித்தார் என்பது வேறு; பின்னது நாற்பது நிமிடச் சந்திப்பாக இருக்கலாம். 'கார்னகி ஹாலில் வாசித்தவர்' என்றால் எந்த அரங்கில் என்று பாருங்கள். அந்தக் கட்டடத்தின் பெரிய அரங்கில் ஏறத்தாழ 2,800 இருக்கைகள். அங்கேயே உள்ள வைல் அரங்கில் 268 மட்டுமே, அதைக் கட்டணம் செலுத்தி வாடகைக்கும் எடுக்கலாம். அந்தச் சிறிய அரங்கில் வாசிப்பது இழிவல்ல, அருமையான அரங்கு அது. இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதுதான் பிழை. என் அனுபவத்தில் ஒரு குறிப்பில் மிகவும் நம்பத்தக்க வரி, ஒரே அரங்கோ ஒரே இசைக்குழுவோ அவரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அழைத்தது என்பதுதான். முதல் அழைப்பைப் பரிசு வாங்கித் தரும்; இரண்டாவதை வாசிப்பு மட்டுமே வாங்கித் தரும்.

விருந்தினர் கச்சேரியில் வருவாய் பொதுவாகச் சொற்பம். முகவர் இருந்தால் கட்டணத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு அவருக்குப் போகும். பயணமும் தங்குமிடமும் எப்போதும் தனியாகக் கிடைப்பதில்லை. அப்படியிருந்தும் இளம் கலைஞர்கள் இவற்றை விரும்பி ஏற்பதற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற அரங்குகள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே தம் பருவத்தை நிரப்பிவிடுகின்றன; அங்கே போவதற்கு முன் ஒரு நிரலை மேடையில் பலமுறை வாசித்துப் பழகியிருக்க வேண்டும். அறையில் எத்தனை மாதம் பயின்றாலும், கவனித்துக் கேட்கும் முந்நூறு பேர் முன்னிலையில் மட்டுமே வெளிப்படும் பலவீனங்கள் ஒரு படைப்பில் இருக்கின்றன. இசைக் கல்லூரியின் அவையில் ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்திருப்பதால் கேட்பவர்கள் எதையும் தவறவிடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பும் பயனுள்ளது.

இன்னொரு சிக்கலைக் கேட்பவர்கள் அதிகம் நினைப்பதில்லை. வயலின் கலைஞர் தம் வாத்தியத்தைத் தோளில் சுமந்து வருகிறார். பியானோ கலைஞரோ அங்கே இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 274 சென்டிமீட்டர் நீளமும் அரை டன் எடையும் கொண்ட கச்சேரி கிராண்ட் பியானோவைக் கூடவே கொண்டு போவது ஹொரோவிட்ஸ், மிக்கெலாஞ்செலி, ஸிமெர்மன் போன்ற மிகச் சிலருக்கே வாய்த்தது. 1986இல் ஹொரோவிட்ஸ் மாஸ்கோவுக்குத் திரும்பியபோதும் தம் சொந்தப் பியானோவுடன்தான் போனார். மற்றவர்களுக்குக் கச்சேரியன்று சில மணி நேரம் கிடைக்கும். அதற்குள் விசைகளின் கனம், பெடலின் ஆழம், மேல் ஸ்தாயியின் கூர்மை, கீழ் ஸ்தாயியின் மந்தம் எல்லாவற்றையும் கண்டுகொண்டு, சுருதி சேர்க்கும் தொழில்நுட்பரிடம் சுத்தியல்களின் கம்பளித் துணியைச் சற்று மென்மையாக்கச் சொல்லலாம். அதற்கு மேல் அவகாசமில்லை. முதல் படைப்பின் தொடக்கத்தில் ஓசை சற்றுக் கட்டுப்பாடின்றி இருந்தால், அது கலைஞரின் குறையாக இல்லாமல், நிறைந்த அவையில் அந்தப் பியானோ மாறி ஒலிப்பதை அவர் அளந்துகொண்டிருப்பதாக இருக்கலாம்.

இப்போது நிகழ்ச்சி நிரல். கைதட்டலை மட்டும் குறிவைக்கும் இருபத்து நான்கு வயதுக்காரர் ஓபஸ் 110இல் தொடங்க மாட்டார். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களில் இது கடைசிக்கு முந்தையது. கையெழுத்துப் படியில் 1821 டிசம்பர் 25 என்ற தேதி இருக்கிறது. விரல் வித்தைக்கு இதில் அதிக இடமில்லை. அமைதியான முதல் பகுதியும் முரட்டுத்தனமான சிறு ஸ்கெர்ட்ஸோவும் (துள்ளலான வேகப் பகுதி) முடிந்ததும், ஓப்பெராவின் பேச்சுப் பாடலைப் போன்ற ஒரு பகுதியில் ஒரே சுரம் மீண்டும் மீண்டும் நடுங்கி ஒலிக்கும். அதன்பின் துயரப் பாடல் ஒன்று, பிறகு ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்), மறுபடியும் அந்தத் துயரப் பாடல். இம்முறை மூச்சு வாங்கி வாங்கிப் பாடுவது போல இடையிடையே அறுந்துபோன வடிவில். அது அடங்கும் இடத்தில் ஒரே ஜி மேஜர் சுரக்கூட்டு பத்து முறை, மெல்லத் தொடங்கி வளர்ந்துகொண்டே வரும். பின் ஃபியூக், அதன் மெட்டு தலைகீழாக்கப்பட்டு, திரும்பும். அந்தப் பத்து அடிகளைத்தான் நான் கூர்ந்து கேட்பேன். வெறுமனே ஒலியைக் கூட்டிக்கொண்டு போவது எளிது. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து பிறந்தது போல வாசிப்பது அரிது.

அடுத்து கிரைஸ்லெரியானா. 1838இல் எழுதப்பட்டு ஷோபானுக்குக் காணிக்கையாக்கப்பட்ட எட்டுத் துண்டுகள் கொண்ட இந்தப் படைப்பில் கொந்தளிப்பும் கனவும் முன்னறிவிப்பின்றி மாறிமாறி வருகின்றன. வேகமான துண்டுகளில் வலது கையின் பாய்ச்சல் காதை இழுக்கும். அப்போது இடது கையைக் கேளுங்கள். ஷூமன் பல இடங்களில் பாஸ் சுரங்களை வலது கையின் தாளத்தோடு பொருந்தாதபடி சற்று முன்னோ பின்னோ வைத்திருப்பார். கடைசித் துண்டில் அது வெளிப்படையாகவே தெரியும். அந்த இடறலைச் சீர்செய்து வாசிப்பவர் படைப்பின் உயிரையே சமன்படுத்திவிடுகிறார். கடைசித் துண்டு பேரொலியில் முடிவதில்லை. கீழ் ஸ்தாயியில் தேய்ந்து மறைந்துபோகிறது. இடைவேளைக்கு முன் கரவொலியை உறுதி செய்யாத ஒரு முடிவை இந்த இளைஞர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். போட்டிப் பட்டியல் சொல்லாத தன்னம்பிக்கை அது.

டெபுஸியின் பிரெலூடுகளில் எவை என்று அறிவிப்பு சொல்லவில்லை. முதல் தொகுதி 1910இல் வெளிவந்தது. அதில் பன்னிரண்டு துண்டுகளின் தலைப்புகளையும் அவர் ஒவ்வொன்றின் இறுதியிலேயே அச்சிடச் செய்தார், படத்தை முன்கூட்டிக் காட்ட விரும்பாதவர் போல. 'பனியில் காலடிகள்' அவற்றில் இருந்தால் நல்ல அடையாளம். சில சுரங்களே உள்ள அந்தத் துண்டில் மறைந்துகொள்ள இடமே கிடையாது. இந்தப் பகுதியில் பெடலைக் கவனியுங்கள். முழுவதும் அழுத்தினால் ஒலிகள் குழைந்து சேறாகும், முழுவதும் விட்டால் உலர்ந்துபோகும்; நல்ல கலைஞரின் கால் இரண்டுக்கும் இடையே ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். இடப்பக்க இருக்கைகளில் அமர்ந்தால் கைகள் தெரியும் என்று பலரும் அங்கே போகிறார்கள். திறந்த மூடி ஒலியை வலப்பக்கமாக எறிவதால், ஒலிக்காகவே போகிறவர்கள் நடுவிலோ சற்று வலத்திலோ அமர்வது நல்லது.

புரோகோஃபியெவின் ஏழாம் சொனாட்டா 1942இல் போர்க்காலத்தில் நிறைவடைந்து, 1943 ஜனவரியில் மாஸ்கோவில் ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டரால் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அளவுக்கு ஏழு அடிகள் கொண்ட 7/8 தாளத்தில் ஓடும் அதன் மூன்றாம் பகுதி மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். எந்த அவையையும் எழுந்து நிற்க வைத்துவிடும். இளம் கலைஞர்கள் இதைக் கடைசியில் வைப்பதில் வியப்பில்லை, இந்த நிரலிலேயே எளிதில் ஊகிக்கக்கூடிய தேர்வும் இதுதான். சோதனை இரண்டாம் பகுதியில் இருக்கிறது. வெதுவெதுப்பான, கிட்டத்தட்ட இனிப்பான ஒரு மெட்டில் தொடங்கி, மணியோசை போன்ற பெருங்கூச்சலாக ஏறி, மீண்டும் பழைய மெட்டுக்கு வரும்போது அது முன்பு போல ஒலிக்கக் கூடாது. ஒலித்தால், அவர் மூன்றாம் பகுதிக்காகக் காத்திருந்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கடைசிப் பகுதியிலும் வேகத்தை வைத்து மதிப்பிட வேண்டாம். தொடக்கத்திலேயே முழு பலத்தையும் செலவிட்டுவிட்டால் முடிவில் ஏறுவதற்கு உயரமே மிஞ்சாது. கடைசிப் பக்கத்துக்கென்று ஒலியைச் சேமித்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

சொனாட்டாவின் பகுதிகளுக்கு இடையிலும் கிரைஸ்லெரியானாவின் துண்டுகளுக்கு இடையிலும் கைதட்டாமலிருப்பது வழக்கம். ஐயமிருந்தால், அவர் மடியில் கைகளை வைத்து அவையை நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருங்கள். நிரல் முடிந்தபின் கூடுதலாக ஒன்றிரண்டு சிறு துண்டுகள் வாசிக்கப்படலாம் என்பதால் உடனே எழுந்துவிட வேண்டாம்.

போவதற்கு முன் நான்கு படைப்புகளையும் ஒருமுறையேனும் பதிவில் கேட்டுவிடுவது நல்லது. ஓபஸ் 110ஐ மட்டும் இரு வேறு கலைஞர்களிடம் கேளுங்கள், அப்போதுதான் எந்த இடங்களில் தேர்வுக்கு இடமிருக்கிறது என்பது புலப்படும். அந்த இளைஞரின் போட்டிப் பதிவுகள் இணையத்தில் இருந்தால், இறுதிச் சுற்றின் கான்செர்ட்டோவைவிட இடைச் சுற்றுகளின் தனி வாசிப்பைத் தேடுங்கள். விருந்தினராக வரும் கலைஞர் பல இடங்களில் மறுநாள் மாணவர்களுக்கு மாஸ்டர் வகுப்பும் எடுப்பார். வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்று கல்லூரியைக் கேட்டுப் பாருங்கள். முந்தைய மாலை அவர் வாசித்த விதத்துக்கான காரணங்களை, இன்னொருவரின் வாசிப்பைத் திருத்தும்போது அவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கும்.